கேம் டிஸ்க்கை பேக்கப் எடுக்க எந்த பர்னிங் மென்பொருள் நல்லது?

கேள்வி இது: பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2, டிரீம்காஸ்ட், எக்ஸ்பாக்ஸ் என்று பழைய கன்சோல்களின் அசல் டிஸ்க்குகள் கையில் இருக்கின்றன. சிலவற்றில் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது. நீரோ, ஆல்கஹால் 120%, இம்க்பர்ன் என்று மாற்றி மாற்றி முயன்றாயிற்று. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று திரையில் வருகிறது, ஆனால் கன்சோல் அந்த நகலைச் சீண்டக்கூட மாட்டேன் என்கிறது. எந்த மென்பொருளைப் பயன்படுத்தினால் சரியாக வரும்?

எதைப் பயன்படுத்தினாலும் வராது. பிரச்சினை மென்பொருளில் இல்லை என்பதுதான் காரணம். நகலெடுப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அசல் டிஸ்க்கில் உள்ளதைப் படித்து ஒரு இமேஜ் கோப்பாக கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது முதல் வேலை. அந்த இமேஜை ஒரு வெற்று டிஸ்க்கில் எழுதுவது இரண்டாவது. பர்னிங் மென்பொருள்கள் இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிக் கொடுத்துவிட்டதால், எழுதுவதுதான் முக்கியம் என்ற எண்ணம் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பேக்கப் என்பது முதல் வேலையோடு முடிந்துவிடுகிறது. சரியாகப் படிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்ட இமேஜ் கோப்புதான் பேக்கப். எழுதிய டிஸ்க் அதிலிருந்து எடுத்த ஒரு பிரதி மட்டுமே. அது கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். இமேஜ் தப்பாக இருந்தால் எத்தனை டிஸ்க் எழுதினாலும் தப்புதான்.

முதலில் கன்சோல் ஏன் மறுக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் கறுப்பு நிறம்தான் அதன் பூட்டு என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சாயம் கண்ணுக்குத்தான் கறுப்பு. சிடி படிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு அது கண்ணாடி மாதிரி. உண்மையான பூட்டு டிஸ்க்கின் உட்புற ஓரத்தில், லீட்-இன் எனப்படும் பகுதியில் இருக்கிறது. அங்கே தடம் நேராக ஓடாமல், மிக நுண்ணிய அளவில் இடமும் வலமும் நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவிலேயே நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. தடத்தைப் பின்தொடரும்போது லேசர் தலை எவ்வளவு அசைகிறது என்பதைக் கவனித்து கன்சோல் அதைப் படித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் டிரைவின் லேசரும் அதே நெளிவில் அசைந்துதான் போகிறது. ஆனால் அந்த அசைவைத் தகவலாக எங்கும் தெரிவிப்பதில்லை. அப்படியே தெரிவித்தாலும் பயனில்லை. வெற்று சிடி-ஆர் டிஸ்க்கில் வழிகாட்டித் தடம் தயாரிப்பின்போதே போடப்பட்டு, அதற்கென்று ஒரு நெளிவும் ஏற்கெனவே இருக்கிறது. பர்னரால் அதை மாற்ற முடியாது. ஆக, ஒவ்வொரு பைட்டும் பிசகாமல் நகலெடுத்தாலும் பூட்டின் சாவி நகலாவதில்லை. அது தரவு அல்ல, டிஸ்க்கின் உடல் வடிவம்.

மற்ற கன்சோல்களிலும் ஏறக்குறைய இதே தந்திரம்தான், இடம் மட்டும் வேறு. சேகா சாட்டர்னில் டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கிறது. சாதாரண பர்னரால் எழுத முடியாதது அது. பிளேஸ்டேஷன் 2-இல் அசல் டிஸ்க்குக்கே உரிய பகுதி ஒன்றைக் கன்சோலின் டிரைவைக் கட்டுப்படுத்தும் சிப் சோதிக்கிறது. நின்டெண்டோவின் கேம்கியூபிலும் வீயிலும் உட்புற வளையத்தில் லேசரால் பொறித்த பார்கோடு போன்ற பட்டை. இதற்கு நேர்மாறாக, 1988-இல் வந்த பிசி எஞ்சின் சிடி-ரோம், 1991-இல் வந்த மெகா சிடி இரண்டிலும் நகலைத் தடுக்கும் பூட்டு எதுவுமே இல்லை. அன்றைக்கு சிடி எழுதும் கருவியின் விலை சாதாரண வீட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த விலையே போதுமான பூட்டு என்று நினைத்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நல்ல இமேஜிலிருந்து எழுதிய சிடி-ஆர் அப்படியே ஓடும்.

ஆல்கஹால் 120%, குளோன்சிடி போன்றவை பெயர் வாங்கியதற்குக் காரணம் வேறு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க், செக்யூராம் என்ற பூட்டுகள் வந்தன. வேண்டுமென்றே கெடுத்த செக்டர்கள், எழுதக் கடினமான பிட் வரிசைகள், தரவு டிஸ்க்கில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற அளவீடு என்று அவை விளையாடிய விளையாட்டைச் சமாளிக்கத்தான் இந்த மென்பொருள்கள் வளர்ந்தன. ஆல்கஹாலில் ‘பிளேஸ்டேஷன்’ என்று ஒரு தேர்வு இருப்பதைப் பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்தால் கன்சோல் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிவிடக்கூடாது. எப்படிப் படிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்ற அமைப்புகளை மாற்றிக் கொடுக்கும் தேர்வு அது, அவ்வளவுதான். நெளிவை அதனால் உண்டாக்க முடியாது.

சரி, படிக்கும் வேலைக்கு வருவோம். கவனம் இங்கேதான் தேவை.

சிடி டிஸ்க்கில் தரவு செக்டர் செக்டராக இருக்கிறது. ஒரு நொடிக்கு 75 செக்டர். ஒரு செக்டருக்கு 2352 பைட். சாதாரண தரவு சிடியில் இந்த 2352-இல் 2048 பைட்தான் கோப்புகளுக்கு. மீதி முகவரி, பிழை கண்டறிதல், பிழை திருத்தம் ஆகியவற்றுக்குப் போய்விடும். ஐஎஸ்ஓ கோப்பு என்பது அந்த 2048 பைட்டுகளை மட்டும் அடுக்கி வைத்தது. ஆவணங்கள் உள்ள சிடிக்கு அது போதும். ஆனால் பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளில் வீடியோக் காட்சிகளும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலியும் வேறு வகை செக்டரில் இருக்கின்றன. அந்த வகையில் பிழைதிருத்தப் பகுதியை விட்டுக்கொடுத்து 2324 பைட் வரை தரவே நிரம்பியிருக்கும். அதை 2048-ஆக வெட்டினால் வீடியோவும் ஒலியும் சிதைந்துவிடும். அதோடு பல விளையாட்டுகளில் பின்னணி இசை, இசை சிடியில் உள்ளதுபோல் தனித்தனி ஆடியோ டிராக்குகளாக இருக்கும். ஐஎஸ்ஓவில் ஆடியோ டிராக்குக்கு இடமே கிடையாது. விளையாட்டு ஓடுகிறது, இசை மட்டும் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது இப்படி எடுத்த ஐஎஸ்ஓதான்.

எனவே சிடியில் வந்த எந்தக் கன்சோல் விளையாட்டுக்கும் முழு 2352 பைட்டையும் எடுக்கும் பின்-கியூ (.bin, .cue) ஜோடி வேண்டும். பின் கோப்பில் தரவு. கியூ கோப்பு சில வரிகளே உள்ள எழுத்துக் கோப்பு, எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, அது தரவா ஆடியோவா என்று சொல்வது. சின்னதாக இருக்கிறதே என்று கியூவைத் தூக்கி எறிந்துவிட்டு பின் கோப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. பல டிராக் உள்ள விளையாட்டானால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். நீரோவின் என்ஆர்ஜி, ஆல்கஹாலின் எம்டிஎஃப்-எம்டிஎஸ், டிஸ்க்ஜக்ளரின் சிடிஐ போன்றவையும் முழுத் தரவைத் தாங்கக்கூடியவை. ஆனால் அவை ஒரு நிறுவனத்தின் மென்பொருளோடு பிறந்தவை. இருபது வருடம் கழித்தும் திறக்கும்படி ஒன்றை வைக்க விரும்பினால் பின்-கியூவே பாதுகாப்பு.

இதில் ஒரு அளவுக் குழப்பமும் உண்டு. 80 நிமிட வெற்று சிடியின் உறையில் 700 எம்பி என்று போட்டிருக்கும். பின் கோப்போ 780 எம்பி என்று காட்டும். எப்படி எழுதுவது என்று திகைக்க வேண்டாம். 80 நிமிடம் என்றால் 3,60,000 செக்டர். 2048 பைட் கணக்கில் அது 73.7 கோடி பைட். 2352 கணக்கில் 84.7 கோடி பைட். டிஸ்க் ஒன்றே, எண்ணும் முறைதான் இரண்டு.

2352 பைட்டுக்கும் வெளியே இன்னொன்று இருக்கிறது: துணைச் சேனல். நேரத்தையும் டிராக் எண்ணையும் சொல்வதற்காக ஒவ்வொரு செக்டரோடும் ஒட்டிவரும் சிறு தகவல். சாதாரணமாக இதைச் சேமிக்காவிட்டாலும் குடிமுழுகாது. எழுதும்போது பர்னரே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஆனால் ஐரோப்பாவில் வெளியான சில பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளில் லிப்கிரிப்ட் என்றொரு பூட்டு இருக்கிறது. குறிப்பிட்ட சில செக்டர்களின் துணைச் சேனலை வேண்டுமென்றே பிழையாக அச்சிட்டு, அந்தப் பிழைகள் இருக்கின்றனவா என்று விளையாட்டு நடுவில் சோதிக்கும். நல்லெண்ணத்தோடு பிழையைத் திருத்திக் கொடுக்கும் டிரைவும் மென்பொருளும் இங்கே எதிரிகளாகிவிடுகின்றன. இதைவிடக் குறும்பான சோதனைகளும் இருந்தன. 2000-இல் வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன் விளையாட்டில், தன் நிரலில் கைவைத்திருப்பதைக் கண்டுபிடித்தால் உடனே நிற்காது, ஒரு தேவதை வந்து ‘இது திருத்தப்பட்ட நகலாக இருக்கலாம்’ என்று எச்சரிக்கும், அப்புறம் சேர்த்துவைத்த ரத்தினங்களும் முட்டைகளும் காணாமல் போகத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் ஓடியது என்பதை வைத்து நகல் சரி என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

டிவிடி டிஸ்க்குகளுக்கு இத்தனை தலைவலி இல்லை. ஆடியோ டிராக் கிடையாது, எல்லா செக்டரிலும் 2048 பைட் பயன்தரவு, பிழை திருத்தம் டிரைவுக்குள்ளேயே நடந்துவிடும். எனவே பிளேஸ்டேஷன் 2-இன் டிவிடிகளுக்கு நேரடி ஐஎஸ்ஓ போதும். எந்தக் கம்ப்யூட்டர் டிரைவும் அவற்றைப் படிக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றே: அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் சிடி. அவற்றை பின்-கியூவாகவே எடுங்கள்.

இனி, கம்ப்யூட்டர் டிரைவே ஏமாற்றும் இடங்கள். எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் போட்டால் சில எம்பி அளவில் ஒரு சிறு வீடியோ டிவிடி மட்டும் தெரியும். ‘இதை எக்ஸ்பாக்ஸில் போடுங்கள்’ என்று சொல்லும் படம் அது. விளையாட்டின் தரவு முழுக்க, டிரைவ் அந்த இடத்தோடு டிஸ்க் முடிந்துவிட்டது என்று நினைக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பர்னிங் மென்பொருள் அந்தச் சிறு படத்தை மட்டும் அழகாக நகலெடுத்து ‘வெற்றி’ என்று அறிவிக்கும். எக்ஸ்பாக்ஸ் 360-உம் அப்படியே. இவற்றைப் படிக்க, கிரியான் என்ற மாற்று ஃபர்ம்வேர் (டிரைவை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றிய குறிப்பிட்ட சில சாம்சங் டிவிடி டிரைவ்களைத்தான் ஆர்வலர்கள் தேடிப்பிடிக்கிறார்கள்.

டிரீம்காஸ்டின் ஜிடி-ரோம் டிஸ்க்கும் இதே வகை. டிஸ்க்கின் உள்பகுதி சாதாரண சிடி. 45000-ஆவது செக்டரிலிருந்து தொடங்கும் வெளிப்பகுதி அடர்த்தி கூடியது, மொத்தத்தில் ஏறத்தாழ 1 ஜிபி கொள்ளும். கம்ப்யூட்டர் டிரைவ் உள்பகுதியோடு நின்றுவிடும். ‘இந்த டிஸ்க்கை சிடி பிளேயரில் போடாதீர்கள்’ என்று எச்சரிக்கும் ஆடியோ டிராக்தான் உங்களுக்குக் கிடைக்கும். கேம்கியூப் டிஸ்க்கை வழக்கமான டிவிடி டிரைவ் படிக்கவே படிக்காது. அதன் தரவு கலைத்துப்போடப்பட்ட விதம் டிவிடியின் வழக்கத்திலிருந்து வேறு. பழைய எல்ஜி டிரைவ்களில் சில மாடல்கள் விதிவிலக்கு. எக்ஸ்பாக்ஸ், டிரீம்காஸ்ட், கேம்கியூப் மூன்றிலும் கைகொடுப்பது கன்சோலே. தன் டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்று அதற்குத்தான் நன்றாகத் தெரியும். வீயில் ஓடும் கிளீன்ரிப் என்ற சிறு நிரல் வீ, கேம்கியூப் டிஸ்க்குகள் இரண்டையும் யுஎஸ்பி அல்லது எஸ்டி கார்டில் எடுத்துக் கொடுக்கும். முழுமையான கேம்கியூப் இமேஜின் அளவு எப்போதும் 1,45,99,78,240 பைட். ஒரு அடுக்கு வீ டிஸ்க் 4,69,99,79,776 பைட். இந்த எண்ணில் ஒரு பைட் குறைந்தாலும் படிப்பு பாதியில் நின்றிருக்கிறது, அல்லது யாரோ சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். எஃப்ஏடி32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது என்பதால் வீ இமேஜைத் துண்டுதுண்டாக எழுதவேண்டி வரும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் ப்ளூ-ரே. சில ப்ளூ-ரே டிரைவ்களில் படித்துவிடலாம், ஆனால் உள்ளே இருப்பது டிஸ்க்குக்கு டிஸ்க் வேறுபடும் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்ட தரவு. பிளேஸ்டேஷன் 4 காலத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. டிஸ்க்கில் இருப்பது வெளியீட்டு நாள் பதிப்பு. நீங்கள் விளையாடுவது அதற்குப்பின் இறங்கிய திருத்தங்களோடு சேர்ந்தது. அங்கே டிஸ்க்கை விட, கன்சோலிலேயே இருக்கும் பேக்கப் வசதி வழியாக நிறுவிய தரவையும் சேமிப்புக் கோப்புகளையும் வெளி டிரைவுக்கு எடுத்துவைப்பது பயனுள்ளது.

எந்த மென்பொருள் என்ற உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன், மெகா சிடி, பிளேஸ்டேஷன் 2 ஆகியவற்றை விண்டோஸில் எளிதாக எடுக்க இம்க்பர்ன் போதும். 2013-க்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் டிஸ்க் தொழில்நுட்பமும் அதற்குப்பின் பெரிதாக நகரவில்லை. பல டிராக் உள்ள சிடியை அது தானாகவே பின்-கியூவாக எடுக்கும். லினக்ஸில் சிடிக்கு சிடிஆர்டிஏஓ. துல்லியம் வேண்டும், துணைச் சேனலும் வேண்டும் என்றால் ரீடம்ப்பர், டிஸ்க்இமேஜ்கிரியேட்டர் ஆகிய இரண்டில் ஒன்று. கட்டளை வரியில் இயங்குபவை, அந்தக் கூச்சம் உள்ளவர்களுக்கு மீடியா பிரிசர்வேஷன் ஃபிரன்டெண்ட் என்ற முகப்பு மென்பொருள் இருக்கிறது. நான் சிடிக்கு ரீடம்ப்பர் பக்கம் சாய்கிறேன். ஒன்றை எடுக்கப்போகிறோம், ஒழுங்காக எடுத்துவிட்டால் மறுபடி அந்த டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை.

எடுத்தது சரியா என்று எப்படித் தெரியும்? திரையில் வரும் ‘வெற்றி’ இதற்குச் சாட்சி ஆகாது. டிவிடியில் டிரைவ் சரியான தரவைத் தரும், அல்லது படிக்க முடியவில்லை என்று கை விரிக்கும். நடுவில் பொய் சொல்வது அபூர்வம். சிடியின் ஆடியோ டிராக்கில் நிலைமை தலைகீழ். அங்கே 2352 பைட்டும் ஒலிதான், கூடுதல் சரிபார்ப்பு எதுவும் இல்லை. கீறலில் மாட்டிய ஒலி மாதிரிகளை டிரைவ் பக்கத்து மாதிரிகளை வைத்து ஊகித்து நிரப்பி, எதுவும் நடக்காததுபோல் கொடுத்துவிடும். அதனால்தான் சி2 பிழைக் குறிகளை (டிரைவால் திருத்த முடியாத இடங்களைச் சுட்டுபவை) கவனிக்கும் மென்பொருள் வேண்டும் என்கிறேன். ஆடியோவில் இன்னொரு சிக்கல், ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில மாதிரிகள் முன்னோ பின்னோ தள்ளித்தான் படிக்கத் தொடங்கும். இந்தத் தள்ளலை ஈடுசெய்யாமல் இரண்டு டிரைவில் எடுத்த நகல்களை ஒப்பிட்டால் இரண்டும் நல்ல நகலாக இருந்தும் வேறு வேறாகத் தெரியும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: இமேஜின் ஷா-1 அல்லது எம்டி5 கையொப்பத்தை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கும் அடையாள எண்ணை, கணக்கிடுங்கள். ரீடம்ப் என்ற ஆர்வலர் திட்டம் பல்லாயிரக்கணக்கான டிஸ்க்குகளின் கையொப்பங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. விளையாட்டுக் கோப்புகள் அங்கே கிடையாது, அடையாள எண்கள் மட்டுமே. உங்கள் இமேஜின் கையொப்பம் அந்தப் பட்டியலோடு பொருந்தினால் உங்களிடம் இருப்பது பிசகில்லாத நகல். பேச்சுக்கே இடமில்லை. பொருந்தாவிட்டால் உடனே பதற வேண்டாம். ஒரே விளையாட்டுக்குப் பல அச்சுப் பதிப்புகள் உண்டு, டிஸ்க்கின் உள்வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்த்துச் சரியான பதிப்போடு ஒப்பிடுங்கள். பட்டியலிலேயே இல்லாத டிஸ்க் என்றால், வேறு ஒரு டிரைவில் இன்னொரு முறை படித்து இரண்டு கையொப்பங்களும் ஒன்றா என்று பாருங்கள். அதே டிரைவில் இரண்டு முறை படிப்பது பாதிச் சோதனைதான்.

கீறிய டிஸ்க்குக்கு. முதலில் சுத்தம்: மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டமாகத் தேய்த்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும், பிழைதிருத்தத்துக்கு அதுதான் மிகக் கடினம். குறுக்குக் கீறலை அது சுலபமாகத் தாண்டும். பற்பசை வைத்தியத்தை விட்டுவிடுங்கள். படிக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒரு டிரைவ் திணறும் இடத்தை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படிப்பது அன்றாடம் நடப்பது. டிவிடிகளுக்கு டிடி-ரெஸ்க்யூ அருமையான கருவி. எந்தெந்த செக்டர் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். டிரைவை மாற்றி அதே வரைபடத்தோடு மறுபடி ஓட்டினால் விட்டுப்போனவற்றை மட்டும் முயலும். அதே விளையாட்டின் அதே பதிப்பு இன்னொரு டிஸ்க் கிடைத்தால், அதையும் போட்டு ஓட்டைகளை நிரப்பலாம். இரண்டு பழுதான டிஸ்க்கிலிருந்து ஒரு முழு இமேஜ்.

எந்தப் பக்கம் பழுது என்பதும் முக்கியம். சிடியில் தரவு அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே காப்பாக இருக்கிறது. அடிப்பக்கக் கீறல் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல் விழுவது, மெருகேற்றிச் சரிசெய்யலாம். லேபிள் பக்கம் உரிந்தால் தரவே போயிற்று. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. ப்ளூ-ரேயில் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழம். கடினப் பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, கீறினால் மெருகேற்றுவதற்கும் இடமில்லை.

இமேஜ் தேறிவிட்டது, இப்போது எழுதலாம். பூட்டில்லாத கன்சோல்களுக்கு, அல்லது முறையாக அதற்கு ஏற்பாடு உள்ளவர்களுக்கு. சிடியை எப்போதும், நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதுங்கள். டிராக்-அட்-ஒன்ஸில் டிராக்குகளுக்கு நடுவே லேசர் அணைந்து மறுபடி ஏற்றப்படும். இடைவெளிகள் மாறி இசை தள்ளிப்போகும். ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளிருக்கும் கோப்புகளை இழுத்துப்போட்டு எழுதுவது அறவே கூடாது, பல விளையாட்டுகள் கோப்பைப் பெயரால் தேடாமல் செக்டர் எண்ணால் தேடுகின்றன. வேகம் பற்றிய பழைய பாடம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: 1 மடங்கு வேகத்தில் எழுதினால்தான் தரம் என்பது. இன்றைய வெற்று டிஸ்க்கின் சாயம் அவ்வளவு மெதுவான லேசருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. சிடிக்கு 8 முதல் 16 மடங்கு, டிவிடிக்கு 4 முதல் 8 மடங்கு என்று நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அச்சிட்ட சிடி லேசர் ஒளியில் 70 சதவீதத்தையாவது திருப்பி அனுப்பும். சிடி-ஆர் அதற்குச் சற்றுக் குறைவு. அழித்தெழுதும் வகை 15 முதல் 25 சதவீதம்தான். 1990களின் கன்சோல் லேசருக்கு அந்த வெளிச்சம் போதாது. லேசர் தேய்ந்த கன்சோலில் சிடி-ஆரே தடுமாறும். ஆரம்பகால பிளேஸ்டேஷன் 1-இல் லேசர் வண்டி ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து வீடியோக்கள் விக்கியதும், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடியவர்கள் இருந்ததும் இந்த வகையறாதான். டிவிடிக்கு, எழுதும்முன் ‘புத்தக வகை’யை, அதாவது இது எந்த வகை டிஸ்க் என்று டிரைவுக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி-ரோம் என்று மாற்றும் வசதி டிவிடி+ஆர் டிஸ்க்கில் உண்டு, டிவிடி-ஆர் டிஸ்க்கில் அந்த விவரம் முன்பே பதிந்திருப்பதால் மாற்ற முடியாது. பழைய டிரைவ்கள் முரண்டு பிடித்தால் இதைச் செய்து பாருங்கள். இரண்டு அடுக்கு விளையாட்டுக்கு டிவிடி+ஆர் டிஎல் வாங்கி, அடுக்கு மாறும் செக்டரை அசலில் உள்ள இடத்திலேயே வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் மென்பொருள் செய்யும் சரிபார்ப்பு, அந்த பர்னரால் படிக்க முடிகிறது என்பதை மட்டுமே சொல்லும். கன்சோலின் லேசர் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

வெளிப்படையாகச் சொன்னால், எழுதுவதற்கான தேவையே இப்போது சுருங்கிவிட்டது. உங்கள் இமேஜை டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ்2, டால்ஃபின் போன்ற எமுலேட்டர்களில் (கம்ப்யூட்டரில் கன்சோலைப் போல நடிக்கும் நிரல்கள்) நேரடியாக ஓட்டலாம். முதல் இரண்டுக்கும் உங்கள் கன்சோலிலிருந்து எடுத்த பயாஸ், அதாவது கன்சோலின் அடிப்படை நிரல், வேண்டும். கன்சோலிலேயே விளையாட விரும்புகிறவர்கள் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டிலிருந்து இமேஜைப் படிக்கும் பலகையைப் பொருத்திக்கொள்கிறார்கள். சேமித்து வைக்க, மாமே என்ற எமுலேட்டர் திட்டத்திலிருந்து வந்த சிஎச்டி வடிவம் இடத்தை நன்றாக மிச்சப்படுத்தும். ஒரு பிட்டும் இழக்காது, வேண்டியபோது பின்-கியூவாக விரித்துக்கொள்ளலாம். கேம்கியூப், வீ இமேஜ்களுக்கு டால்ஃபினின் ஆர்விஇசட். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், கையொப்பக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கச் சட்டம் கணினி நிரலின் பிரதியைச் சொந்தமாக வைத்திருப்பவர் காப்பு நகல் எடுக்க இடம் தருகிறது, அசலைக் கைமாற்றும்போது நகலையும் கொடுத்துவிட வேண்டும் அல்லது அழித்துவிட வேண்டும். ஆனால் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. ஐரோப்பாவில் 1991-இல் வந்து 2009-இல் மறுபடி இயற்றப்பட்ட மென்பொருள் நெறிமுறை, பயன்பாட்டுக்குத் தேவையான காப்பு நகலை ஒப்பந்தத்தின் மூலம் தடுக்கக்கூடாது என்கிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-இல் பிளேஸ்டேஷனின் பூட்டைத் தாண்டவைக்கும் மாற்று சிப் பற்றிய வழக்கில் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அடுத்த ஆண்டே அங்கே சட்டம் திருத்தப்பட்டது. படிப்பதும் பூட்டை உடைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு செயல்கள் என்பதால், உங்கள் நாட்டில் இரண்டுக்கும் என்ன நிலை என்று தனித்தனியாகப் பாருங்கள். சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த இமேஜைப் பிறருக்குப் பகிர்வது எந்த ஊரிலும் பேக்கப் ஆகாது.

உங்களிடம் உள்ள குவியலில் எதிலிருந்து தொடங்குவது என்றால், லேபிள் பக்கம் கொப்பளித்த அல்லது வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும் சிடிகள் முதலில். அவற்றுக்கு நாள் குறைவு. அடுத்து ஆடியோ டிராக் உள்ள பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகள், பிறகு நீல அடி உள்ளவை, பிறகு டிவிடிகள். எக்ஸ்பாக்ஸ், டிரீம்காஸ்ட் டிஸ்க்குகளைப் படிக்கத் தோதான டிரைவோ கன்சோல் வழியோ கிடைக்கும்வரை உறையிலேயே செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இருக்கும் டிரைவில் போட்டு அந்தச் சில எம்பி இமேஜை எடுத்துச் சேர்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.